மாலுமியின் வீட்டில் மாலுமி விருந்தாளி

 

சபர் என்பது காரைக்கால் மக்களுக்குப் புதிதன்று. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் சைகோனுக்கும், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று திருச்சியில் விமானமேறித் துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் போகிறார்கள். அன்று மரக்கலத்தின் தலைவரை நாகுதா என்றும், வழி கண்டு செலுத்தியவரை மாலுமி என்றும் அழைத்தோம். மாலுமி என்னும் சொல் அரபு மொழியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்ததென்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். முஅல்லிம் என்றால் ஆசிரியர். மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கும் அந்தப் பெயரில் ஒரு சிறு பங்கு உண்டென்ற துணிவிலேதான், விமானி அறையைக் கண்ணால் கண்டறியாத நான் இம்மாதம் விமானிகளின் பழக்கவழக்கம் ஒன்றைப் பற்றி எழுத முற்பட்டேன்.

இதற்குக் காரணம் உண்டு. நம் சமுதாயப் பிள்ளைகளும் விமானக் கம்பெனிகளில் விமானிகளாகவும் பொறியாளர்களாகவும் சிப்பந்திகளாகவும் சேர்ந்து வருகிறார்கள். பிள்ளைக்கு வேலை கிடைத்த செய்தியோடு, "இனி வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் டிக்கெட் செலவில்லை" என்ற செய்தியும் சேர்ந்தே தெருவில் பரவுகிறது. செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகைக்கென்று ஓர் அதபு இருக்கிறது. அதை அறியாமல் பயணம் செய்வோரால் பிள்ளையின் வேலைக்கே ஊறு நேர்ந்துவிடும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக் காலை வேறோர் ஊரில் விமானம் ஓட்டவேண்டிய விமானியை அவருடைய கம்பெனியே பயணியாக ஏற்றி அனுப்புவதுண்டு. அவர் பணியில் இருப்பவர், விருந்தாளி அல்லர். 2017 ஏப்ரலில் சிகாகோ நகரில், லூயிவில்லுக்குப் போகவேண்டிய நான்கு ஊழியர்களுக்காக, டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்ட பயணிகளை இறங்கச் சொன்னார்கள். மறுத்த 69 வயது மருத்துவர் ஒருவரைப் பாதுகாப்புக் காவலர்கள் இழுத்துச் சென்ற காட்சியை உலகமே பார்த்தது. அதன்பின் யுனைடெட் கம்பெனி, புறப்பாட்டுக்கு 60 நிமிடத்திற்கு முன்பே தன் ஊழியர்களுக்கு இடம் பதிந்துவிட வேண்டும் என்று விதி செய்துகொண்டது. உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டு உட்காருவது, பணியின் பெயராலும் கூட, எவ்வளவு அசிங்கமாகிவிடுகிறது பாருங்கள்!

விருந்தாளியாகப் போகிறவர் விடுமுறையிலோ சொந்த வேலையாகவோ பயணம் செய்பவர். அவருக்கு வழி இரண்டு. பல நாட்டுக் கம்பெனிகள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, தூரத்தைக் கணக்கிட்டு மிகக் குறைந்த கட்டணத்தில் ஒருவர் ஊழியருக்கு மற்றவர் வழங்கும் டிக்கெட் ஒன்று. 'ஸெட்' டிக்கெட் என்பார்கள். முழுக் காசு கொடுத்தவர்கள் யாவருக்கும் இடம் கொடுத்தபின் மிச்சம் இருந்தால்தான் இவருக்கு இடம். இரண்டாவது வழி, விமானி அறைக்குள்ளேயே இரு விமானிகளுக்கும் பின்னால் உள்ள 'ஜம்ப் சீட்' என்னும் மடக்கு இருக்கை. ஓர் ஊரில் குடியிருந்து வேறோர் ஊருக்கு வேலைக்குப் போய்வரும் அமெரிக்க விமானிகளிடையே இது நெடுநாளைய வழக்கம். 2001 செப்டம்பர் 11-க்குப் பின் பிற கம்பெனி விமானிகளுக்கு அந்தக் கதவு அடைபட்டது. வந்திருப்பவர் இன்னார்தாமா, இன்னும் வேலையில் இருக்கிறாரா என்பதைக் கணினி மூலம் நொடியில் சரிபார்க்கும் ஏற்பாடு வந்த பிறகே மறுபடி திறந்தது.

சலுகை டிக்கெட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் பெற்றோரும் மனைவி மக்களும் பயணம் செய்வது இதில்தான். நம் ஊர் வழக்கம் தெரிந்ததே. ஒருவர் சபர் புறப்பட்டால் இரண்டு வாடகைக் கார்கள். வழியனுப்பப் பெரியவர், குழந்தை என்று பதினைந்து பேர். திருச்சி வரை ஊர்வலம். சலுகை டிக்கெட்டில் போகிறவர் இப்படி ஊர்வலமாகப் போகலாகாது. இடம் இல்லையென்றால் அந்தப் பதினைந்து பேரும் கவுண்டரில் இருக்கும் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு நியாயம் கேட்பார்கள். அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பெருநாள் நெருங்கும்போதும் பள்ளி விடுமுறையிலும் வளைகுடா விமானங்கள் நிரம்பி வழியும். இந்த டிக்கெட்டை நம்பி நிக்காஹ் தேதி குறிக்கவும் கூடாது, வேலையில் சேரும் நாளைத் தள்ளிப்போடவும் கூடாது. முடை என்றால் முழுக் காசு கொடுத்து வாங்கிவிடுவதே அழகு.

ஏறிய பிறகும் சில உண்டு. சன்னலோர இடம் வேண்டுமென்று கேட்பது, மேல் வகுப்பு காலியாக இருக்கிறதே என்று சுட்டிக்காட்டுவது, மணியை அழுத்தி அழுத்திப் பணிப்பெண்ணை அழைப்பது ஆகியவை விருந்தாளிக்குப் பொருந்தாதவை. கோழி தீர்ந்துபோய்க் காய்கறிச் சாப்பாடுதான் இருக்கிறதென்றால் மலர்ந்த முகத்துடன் வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து இருக்கைக்காரரிடம் "நான் இவ்வளவுதான் கொடுத்தேன்" என்று பெருமை பேசுவது மிகவும் தவறு. அவர் ஆறு மாதம் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் டிக்கெட் வாங்கிய சபராளியாக இருக்கலாம். உடையிலும் கவனம் தேவை. 2017 மார்ச்சில் டென்வர் நகரில் ஊழியர் சலுகையில் வந்த இரண்டு சிறுமிகளை, காலோடு ஒட்டிய 'லெக்கிங்ஸ்' அணிந்திருந்ததற்காக யுனைடெட் கம்பெனி ஏற்ற மறுத்தது. அதே உடையோடு காசு கொடுத்து வந்த பெண்ணைத் தடுத்திருக்க மாட்டார்கள். சலுகையில் வருபவர் கம்பெனியின் முகமாகக் கருதப்படுவதால் அவருக்கென்று தனி விதி. இது கடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் விருந்தளிப்பவரின் விதியை வாசலில் நின்று விவாதிப்பதில் பயனில்லை.

இனி விமானி அறைக்கு வருவோம். அங்கே அமர விரும்பும் விமானி முதலில் தலைமை விமானியை நேரில் கண்டு, தம் அடையாளச் சீட்டைக் காட்டி, "உங்களோடு வரலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். கம்பெனி அனுமதித்திருக்கலாம், கணினி சரியென்றிருக்கலாம்; ஆனாலும் தலைமை விமானி வேண்டாமென்றால் வேண்டாம்தான். காரணமும் கேட்கலாகாது. இதைப் படித்தபோது நம் பள்ளிவாசல் நினைவே எனக்கு வந்தது. வெளியூரிலிருந்து எவ்வளவு பெரிய ஆலிம் வந்தாலும், மஹல்லாவின் பேஷ் இமாம் கையைப் பிடித்து முன்னே அனுப்பாதவரை மிஹ்ராபின் பக்கம் போகமாட்டார், பின்வரிசையில் நின்றுகொள்வார். அவருடைய கல்வி அதனால் குறைந்துவிடுவதில்லை. இருபதாயிரம் மணி நேரம் பறந்தவராயினும், பிறர் விமானத்தில் அந்த மடக்கு இருக்கையில் அமர்ந்தவர் அப்படித்தான். "எங்கள் கம்பெனியில் இப்படிச் செய்யமாட்டோம்" என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. விமானம் பத்தாயிரம் அடி உயரத்திற்குக் கீழே இருக்கும்போது தேவையற்ற பேச்சே கூடாதென்பது 1981-லிருந்து அமெரிக்காவில் சட்டம். அது விருந்தாளியின் நாவையும் கட்டும். குடித்திருக்கவும் கூடாது. அந்த விதி நமக்குப் புதிதல்ல.

நம் நாட்டில் விமானி அறைக்குள் யார் நுழையலாம் என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கண்டிப்பாக வரையறுத்திருக்கிறது. 2023 பிப்ரவரி 27 அன்று தில்லியிலிருந்து துபாய் சென்ற ஏர் இந்தியா விமானத்தில், பயணியாக வந்த அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவரை நடுவானில் விமானி உள்ளே அழைத்து உட்காரவைத்தார். விசாரணைக்குப் பின் விமானியின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது; கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். கவனிக்கத்தக்கது இன்னொன்று: துணை விமானியும், உறுதியாகத் தடுக்கவில்லை என்பதற்காக எச்சரிக்கப்பட்டார். ஆகவே வீட்டுக்காரரே "வாருங்கள்" என்று கூப்பிட்டாலும், அழைக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று விருந்தாளி யோசிக்க வேண்டும். இல்லையென்று தெரிந்தால், ஸலாம் சொல்லிவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பிவிட வேண்டும்.

தம் உடல்நிலையும் மனநிலையும் சரியில்லாதபோது அந்த இருக்கையைக் கேட்காமலிருப்பதும் இதில் அடங்கும். 2023 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் எவரெட் நகரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சென்ற ஹொரைசன் விமானத்தில், சகோதர நிறுவனமான அலாஸ்கா ஏர்லைன்ஸின் விமானி ஒருவர் மடக்கு இருக்கையில் அமர்ந்திருந்தார். பணியில் இல்லாதவர், பல மணி நேரம் உறங்காதவர், இரண்டு நாள் முன்பு போதைக் காளான் உண்டவர். திடீரென்று எழுந்து, இரு எஞ்சின்களையும் அணைத்துவிடக்கூடிய தீயணைப்புக் கைப்பிடிகளைப் பற்றி இழுத்தார். ஓட்டிக்கொண்டிருந்த இருவரும் அவருடைய கைகளைப் பிடித்துத் தடுத்து, வெளியேற்றி, விமானத்தைப் போர்ட்லண்டில் இறக்கினார்கள். அந்த அறையில் விருந்தாளியின் கைக்கெட்டும் தூரத்தில் எல்லாருடைய உயிரும் இருக்கிறது.

அப்படியானால் விருந்தாளி வாயையும் கையையும் கட்டிக்கொண்டு கல்லாக இருக்கவேண்டுமா? இல்லை. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் கருவிகளை இயக்கும் எண்ணெய்க் குழாய்கள் மூன்றும் செயலிழந்தன. பயணிகளிடையே டெனி ஃபிட்ச் என்னும் விமானி அமர்ந்திருந்தார். அதே ரக விமானத்தில் பிறருக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர். ஒரு முஅல்லிம் என்றே சொல்லலாம். அவர் எழுந்து ஓடவில்லை. தாம் இன்னார், உதவி தேவையானால் வருகிறேன் என்று பணிப்பெண் மூலம் சொல்லியனுப்பினார். தலைமை விமானி அல் ஹேன்ஸ் அழைத்த பிறகே உள்ளே போனார். போனவர் தம் யோசனையை முன்வைத்து வாதாடாமல், இட்ட வேலையைச் செய்தார்: இரு இருக்கைகளுக்கும் இடையே மண்டியிட்டு, எஞ்சிய இரு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்ப உதவினார். சூ சிட்டியில் தரையில் மோதிச் சிதறிய அந்த விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் உயிர் தப்பினார்கள்.

மற்றொரு விருந்தாளியின் செய்தி இவ்வளவு ஆறுதல் தருவதன்று. 2018 அக்டோபர் 28 இரவு, பாலித்தீவின் டென்பசாரிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் விமானத்தின் விமானி அறையில், அதன் சகோதர நிறுவனமான பாத்திக் ஏரின் விமானி ஒருவர் அமர்ந்திருந்தார். மேலெழுந்ததும் ஓர் உணர்கருவி தவறான அளவைக் காட்ட, தானியங்கி ஏற்பாடு ஒன்று விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. வால் சிறகைத் திருப்பும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தார்கள், விமானம் அடங்கியது. அந்த யோசனையைச் சொன்னவர் விருந்தாளியாக இருந்த விமானிதான் என்று 2019 மார்ச்சில் செய்தி வெளியாயிற்று. வீட்டுக்காரர் தடுமாறும்போது பார்த்திருந்தவர் சொன்ன ஒரு சொல் அது.

ஆனால் இறங்கிய பிறகு பராமரிப்புக் குறிப்பேட்டில், வேகமும் உயரமும் தவறாகக் காட்டின என்பது போன்றவையே எழுதப்பட்டன. கட்டுப்பாட்டுக் கோல் எச்சரித்து அதிர்ந்துகொண்டே இருந்ததும், மின்சாரத்தைத் துண்டித்தே விமானத்தை அடக்கியதும் எழுதப்படவில்லை. இரவு வேலை பார்த்த பொறியாளர்கள் எழுதியிருந்ததை மட்டும் சரிபார்த்தார்கள். மறுநாள் காலை வேறு விமானிகள் அதே விமானத்தை எடுத்துச் சென்றார்கள். சில நிமிடங்களில் அது 189 பேருடன் ஜாவாக் கடலில் வீழ்ந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை.

குறிப்பேட்டில் எழுதும் கடமை தலைமை விமானியுடையது. விருந்தாளி அதில் கைவைக்க முடியாது. அந்த இரவில் இறங்கிய பின் அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததென்று நமக்கென்ன தெரியும்! ஆகையால் அவர்மேல் குற்றம் சுமத்த நான் வரவில்லை. விமானப் பணிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லியனுப்ப வேண்டிய ஒன்று உண்டென்று மட்டும் சொல்கிறேன். பிறர் விமானி அறையில் கண்ட குறைகளை வெளியே வந்து சாயாக்கடையில் பேசாதே, அது அமானிதம். ஆனால் கண்டது விமானத்தின் பழுதாக இருந்தால், நன்றி சொல்லிக் கைகொடுக்கும்போது, மரியாதை குறையாமல், "நானா, அந்த விஷயத்தையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டே படி இறங்கு.