தோற்ற மறுநாள்

சதுரங்க உலக வெற்றியாளர் பட்டத்துக்கான போட்டி 2024ஆம் ஆண்டு நம் செந்தோசாவில் நடந்தது. சென்னையிலிருந்து வந்த 18 வயது குகேஷ், சீனாவின் டிங் லிரெனை 7.5க்கு 6.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்றார். டிசம்பர் 12ஆம் நாள், ஆட்ட மேசையின் முன் அவர் கண்கலங்கி அமர்ந்திருந்த படத்தை நம்மில் பலர் பார்த்தோம், பகிர்ந்தோம், பெருமைப்பட்டோம்.

மாணவர்களாகிய நாம் பாடம் கற்க வேண்டிய நாள் வேறொன்று என்பது என் கருத்து. அது நவம்பர் 25.

அன்று முதல் ஆட்டம். முதலில் காய் நகர்த்தும் சாதகம் வெள்ளைக்கு உண்டு. அந்த வெள்ளைக் காய்களுடன் ஆடியும் குகேஷ் 42 நகர்வுகளில் தோற்றார். தோற்றவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்களைச் சந்தித்தாக வேண்டும். அவர் வந்து அமர்ந்தார். ஓரிடத்தில் கவனிக்கத் தவறியதை ஒப்புக்கொண்டார். இன்னும் பல ஆட்டங்கள் இருக்கின்றன என்றார். மறுநாள் கறுப்புக் காய்களுடன் சமன் செய்தார். அதற்கடுத்த நாள் வென்றார்.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததன்று. அதே ஆண்டு ஏப்ரலில், டொராண்டோவில் நடந்த தகுதிப் போட்டியின் ஏழாம் சுற்றில் அலிரேசா பிரௌசாவிடம் தோற்றார். அடுத்த நாள் ஓய்வு நாள். எட்டாம் சுற்றில் வென்றார். பதின்மூன்றாம் சுற்றில் அதே பிரௌசாவையும் வென்றார். அந்தத் தோல்விக்குப் பிறகே தமக்குப் புதிய ஊக்கம் பிறந்ததாகப் பின்னர் அவரே கூறினார்.

"அவர் மேதை, நாம் சாதாரண மாணவர்கள்" என்று சிலர் சொல்லலாம். அந்த மேதையும் தனியாக வரவில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆட்டத்துக்குப் போலந்தைச் சேர்ந்த கயேவ்ஸ்கி பயிற்சியளித்தார். மனத்தைப் பக்குவப்படுத்தத் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன் துணை நின்றார். எதிரே அமர்ந்த டிங், தம் மனச்சோர்வைப் பற்றி உலகறியப் பேசியவர். பின்தங்கிய நிலையில் 12ஆம் ஆட்டத்தை வென்று சமநிலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. கடைசி ஆட்டத்தின் 55ஆம் நகர்வில் யானையைத் தவறாக நகர்த்தியதால் பட்டத்தை இழந்தார். அவரை உண்மையான வெற்றியாளர் என்று குகேஷ் போற்றினார்.

நம் நிலை என்ன? தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வாழ்த்துச் செய்திகள் குவிகின்றன. ஒரு பாடத்தில் தவறியவர் அன்றிலிருந்து கூட்டங்களுக்கு வருவதில்லை. தொலைபேசியை எடுப்பதில்லை. வீட்டில் பொய் சொல்கிறார். ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறார். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் மதிப்பெண்ணை விடப் பெரிதாகிவிடுகிறது. இந்த அச்சத்தை வளர்த்தவர்கள் யார்? வென்றவருக்கு மட்டுமே மாலை போடும் நாம்தானே?

நண்பர்களே, விருதளிப்பு நிகழ்ச்சிகள் நடக்கட்டும். அவற்றோடு நம் பேரவை இன்னொரு வழக்கத்தையும் தொடங்கலாம். ஒவ்வொரு பருவமும் முடிவுகள் வந்த மறுநாள், வராமல் போனவர்களை மூத்த மாணவர்கள் தேடிச் செல்லட்டும். அறிவுரை வேண்டாம், ஒரு தேநீர் போதும். முன்னாள் மாணவர்களான அண்ணன்மாரும் அக்காமாரும் தங்கள் பதவிகளைப் பற்றிப் பேச வரும்போது, தாங்கள் தவறிய பாடத்தைப் பற்றியும் சொல்லட்டும்.

செந்தோசாவில் மொத்தம் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தோடு ஒருவர் எழுந்து போயிருந்தால் கொண்டாட நமக்கு எதுவும் இருந்திருக்காது. நம்மிடையே அப்படி எழுந்து போகிறவரின் கையைப் பிடித்து உட்கார வைப்பது நம் கடமை.