மேய்ப்பரா... ஓநாயா? போலிப் போதகரைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில், பள்ளிக்கூடம் வேண்டாம். பிறகு, ஆஸ்பத்திரி வேண்டாம். கடைசியில், சாப்பாடே வேண்டாம்!

கென்யாவில் பால் மெக்கன்சி என்ற போதகரை நம்பியவர்கள் படிப்படியாக விட்டவை இவை. பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று அவர் போதித்ததாகக் குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் ஷகாஹோலா காட்டில் போலீஸார் தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்தவை 400-க்கும் மேற்பட்ட உடல்கள். அவற்றில் குழந்தைகளும் உண்டு. நீதிமன்றத்தில் மெக்கன்சி குற்றத்தை மறுத்தார்.

'இதையெல்லாமா நம்புவாங்க?' என்று தோன்றும். ஆனால், யாரும் முதல் நாளே பட்டினி கிடக்கச் சொல்ல மாட்டார்கள். ஜெபம், பாட்டு, ஆறுதல் என்றுதான் எதுவும் ஆரம்பிக்கும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்களைப் பற்றி மத்தேயு 7-ம் அதிகாரத்தில் இயேசுவே எச்சரிக்கிறார். அவர் பார்க்கச் சொல்வது கனிகளை. அதாவது, அவர்கள் வாழ்க்கையை.

பணம்: ஆதித் திருச்சபையின் கையேடான 'டிடாக்கே', தனக்கென்று காசு கேட்கும் தீர்க்கதரிசி போலி என்று அன்றே சொல்லிவிட்டது.

கேள்வி: பவுல் போதித்ததையே பெரோயா மக்கள் வேதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் 17-ம் அதிகாரம் அவர்களைத் திட்டவில்லை, பாராட்டுகிறது. கேள்வி கேட்டாலே 'அவிசுவாசி' என்பவரிடம் உஷாராக இருங்கள்.

பிரிவு: குடும்பம், டாக்டர், பள்ளிக்கூடம் என ஒவ்வொன்றாக விலகச் சொன்னால், அது அபாய மணி.

வீட்டில் ஒருவர் சிக்கிக்கொண்டால்?

கிண்டல் செய்யாதீர்கள். நீங்கள் சிரித்தால், அவர் அந்தப் போதகரிடம்தான் இன்னும் நெருங்குவார். "அவர் சொன்ன வசனம் எங்கே இருக்கு? முழு அதிகாரத்தையும் சேர்ந்து படிக்கலாமா?" என்று கேளுங்கள். நீண்ட நாள் தெரிந்த சபைப் பெரியவர் ஒருவரையும் பேசச் சொல்லுங்கள்.

ஆனால், மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றால் விவாதம் வேண்டாம். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098-க்கு போன் செய்யுங்கள். 'சாமி விஷயம், நமக்கெதுக்கு வம்பு' என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஏனென்றால், இரண்டு குழந்தைகள் பட்டினியால் இறந்த விவகாரத்தில் மெக்கன்சி 2023 மார்ச்சிலேயே கைதானவர். ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். காட்டைத் தோண்டியது அதற்கு அடுத்த மாதம்தான்.