ஆர்வத்துக்கும் சம்பளம் உண்டு

"அனுபவமுள்ளோர் மட்டும் விண்ணப்பிக்கவும்" என்ற வரி இல்லாத வேலைவாய்ப்பு விளம்பரத்தைக் காண்பது அரிது. எல்லாக் கதவுகளிலும் இதையே எழுதிவைத்தால், புதியவன் அந்த அனுபவத்தை எங்கே பெறுவது? மறுபுறத்தில், ஆர்வம் இருந்தால் போதும், தொழிலைப் பின்னர் பழக்கலாம் என்போரும் உளர். இரு சாராரும் கவனிக்கவேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

1812 இல் இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கல் பரடே, றோயல் இன்ஸ்ரிரியூஷனில் ஹம்பிறி டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, அவற்றைத் தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். டேவி உருகிவிடவில்லை. கற்ற கைத்தொழிலை விட்டுவிடவேண்டாம் என்றே அறிவுரை கூறினார். அக்காலத்தில் ஆய்வுகூட விபத்தொன்றில் அவரது கண் காயமுற்றிருந்த சில நாட்கள், பரடே அவருக்கு எழுத்துப்பணி செய்துகொடுத்தார். ஆய்வுகூட உதவியாளர் கைகலப்பொன்றினால் விலக்கப்பட்ட பின்னரே, 1813 மார்ச்சில் அந்த இடம் பரடேக்குக் கிடைத்தது. 1831 இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் அவரே.

டேவி நம்பியது ஆர்வம் என்ற சொல்லை அல்ல. அந்த ஆர்வம் செய்துகாட்டிய வேலையை. நேர்முகத் தேர்வில் "எனக்கு மிகுந்த ஈடுபாடு" என்று எவரும் சொல்லலாம். எவரும் கேளாமலே செய்துவைத்த வேலை பொய் சொல்லாது.

ஆர்வத்துக்கும் எல்லை உண்டு. பரடேக்கு உயர்கணிதம் கைவரவில்லை. அவர் கண்டவற்றைச் சமன்பாடுகளாக்க மக்ஸ்வெல் வரவேண்டியிருந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்திலும் விமானி ஆசனத்திலும் ஆர்வத்தை மட்டும் நம்பி எவரையும் அமர்த்த முடியாது. ஆனால் உதவியாளர் இடம் அத்தகையதன்று. தேர்ந்தவர் ஒருவரின் கண்காணிப்பில் தவறு செய்து திருந்துவதற்கே அது உள்ளது. அதற்கும் அனுபவம் கேட்பது அறிவீனம்.

இன்னொன்று. பரடேக்கு வாரம் 25 ஷில்லிங் சம்பளமும், மேல்மாடியில் தங்குமிடமும், கரியும் மெழுகுதிரியும் வழங்கப்பட்டன. நமது பத்திரிகைத் துறையில் நான் கண்டது வேறு. "எழுத்தில் ஆர்வமுள்ள பிள்ளைதானே" என்று சொல்லியே எத்தனையோ பிரதேச நிருபர்கள் பேருந்துக் கட்டணத்துக்கும் காணாத கொடுப்பனவில் காலம் கழித்தார்கள். ஆர்வமுள்ளவனைத் தேடுகிறோம் என்று சொல்லும் நிறுவனம் மலிவானவனைத் தேடுகிறதா என்பதை, அது கொடுக்கும் சம்பளமே சொல்லிவிடும்.