ஆம்பூர் வரை செல்வதற்கு முன்

வார இறுதியில் நல்ல உணவைத் தேடி, நீலசந்திராவிலிருந்து நண்பர்கள் ஆம்பூர் வரை வண்டியோட்டிச் செல்கின்றனர். சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுது, விறகடுப்பு, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். அத்தனை தூரம் செல்லத் தகுந்த சுவைதான், மறுக்கவில்லை. ஆயினும், திரும்பி வந்து அவர்கள் பகிரும் பட்டியல்களில் மாட்டிறைச்சிப் பிரியாணிக் கடை ஒன்றுகூட இருப்பதில்லை.

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் அறிவித்த பிரியாணித் திருவிழாவிலும் மாட்டிறைச்சிக்கு இடமில்லை. எதிர்ப்பு வலுத்தது, மழையைக் காரணங்காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அதைப் பாகுபாடு என்றது. அரசு செய்தால் பாகுபாடு. நாம் செய்தால் அதற்கு ‘ரசனை’ என்று பெயர்.

இனி வழி கேட்பவரை முதலில் என் தெருமுனைக் கடைக்கே அழைத்துச் செல்வேன். பதினொரு மணிக்கு அண்டா திறக்கும். ஒரு மணிக்குள் வந்துவிட வேண்டும்.