அவளுடைய கேள்விக்கு எந்தப் பக்கம்?

அமெரிக்கத் தமிழ் இதழ்களில் அரங்கேற்றச் செய்தி இல்லாத இதழைக் காண்பது அரிது. கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் 2000-ன் இறுதியில் தொடங்கிய ‘தென்றல்’ தொட்டு, ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கங்கள் போடும் மலர்கள் வரை அந்தச் செய்திக்கு ஒரு வாய்ப்பாடே உண்டு. பெண்ணின் பெயர், குருவின் பெயர், பெற்றோர் பெயர். எந்த வர்ணத்தில் தொடங்கினாள், எதைப் பிரதானமாக எடுத்துக்கொண்டாள், பக்கவாத்தியம் யார் யார், சிறப்பு விருந்தினர் என்ன சொல்லிப் பாராட்டினார், கடைசியில் நன்றியுரை. பக்கத்திலேயே பட்டுச்சேலையில் ஒரு படம். வருஷக்கணக்கில் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுப் பாட்டு கற்றுக்கொண்ட அந்தப் பெண், தான் பாடியதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இருக்காது. தோடி அவளுக்குப் பிடிக்குமா, நிரவலில் எந்த இடத்தில் பயம் வந்தது, கல்லூரிக்குப் போன பிறகும் பாடுவாளா? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

நியூ ஜெர்சியிலும் விரிகுடாப் பகுதியிலும் டெக்சஸிலும் வளரும் பதின்வயதுத் தமிழ்ப் பெண்களுக்கென்று ஓர் இசை இதழ் வேண்டும் என்பது என் கட்சி. பையன்களுக்கு வேண்டாமா என்று கேட்கலாம். அவர்களுக்கும் வேண்டும்தான். ஆனால் நம் வீடுகளில் பாட்டுக்கும் பரதத்துக்கும் முதலில் சேர்க்கப்படுகிறவர்கள் பெண் குழந்தைகள். மேடையில் அதிகம் பார்க்கப்படுகிறவர்களும், கருத்து கேட்கப்படாதவர்களும் அவர்களே. அதனால் அங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

இதழ் வடிவமைப்பு என்றதும் ரோஸ் நிறமும், நெளிந்த எழுத்தும், அட்டையில் ஒரு நட்சத்திரத்தின் முகமும்தான் நமக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் கடைசி வாரத்து வேலை. முதலில் முடிவுசெய்ய வேண்டியது, இந்த இதழில் கேள்வி கேட்கப்போவது யார் என்பது. அட்டை, பக்க அமைப்பு, மொழி, விளம்பரம் எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைப்பவை. அமெரிக்கப் பதின்வயதுப் பெண்கள் இதழ்களின் எண்பதாண்டுக் கதையைப் படித்தால் இது விளங்கும்.

சந்தாக் கணக்கு எழுத வந்தவர்

1944 செப்டம்பரில் ‘செவன்டீன்’ வெளிவந்தது. அதன் விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொண்ட எஸ்டெல் எல்லிஸ், ‘டீனா’ என்று ஒரு கற்பனைப் பெண்ணை உருவாக்கினார். டீனாவுக்கு என்ன வயது, கையில் எவ்வளவு காசு, எந்தக் கடைக்குப் போவாள் என்றெல்லாம் விளம்பரதாரர்களுக்கு விளக்கினார். படிக்கிற பெண்ணையே கடைக்காரர்களிடம் சரக்காகக் காட்டிய முறை அது. அந்தப் பாதையில் போனால் எங்கே போய் நிற்போம் என்பது 2012-ல் தெரிந்தது. மேய்ன் மாநிலத்தின் 14 வயது மாணவி ஒருத்தி, படங்களில் பெண்களின் உடலையும் முகத்தையும் கணினியில் திருத்தாதீர்கள் என்று அதே ‘செவன்டீன்’ இதழுக்கு விண்ணப்பம் எழுதினாள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். உடலையும் முகத்தையும் மாற்ற மாட்டோம் என்று இதழ் வாக்குக் கொடுக்க நேர்ந்தது.

இசை இதழ்களில் நான் மதிக்கிற ஆள் குளோரியா ஸ்டேவர்ஸ். 1950-களின் கடைசியில் ‘16’ இதழில் சந்தாக் கணக்கு எழுதும் சாதாரண வேலைக்கு வந்தவர். சந்தாவோடு வரும் கடிதங்களைப் படித்தார். பெண்கள் என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள் என்பது அந்தக் கடிதங்களில் இருந்தது. அதுவரை அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. சீக்கிரமே ஆசிரியரானார். பாடகர்களைப் பேட்டி காணும்போது அந்தப் பெண்களின் கேள்விகளையே கேட்டார். பிடித்த நிறம் என்ன, முதல் காதல் எப்போது என்பவை அற்பக் கேள்விகள் என்று இசை விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். ஆனால் பீட்டில்ஸ் பாட்டில் ஏதோ இருக்கிறது என்று, அந்த விமர்சகர்கள் காதைத் திறப்பதற்கு முன்பே கண்டுகொண்டவர்கள் அந்தப் பெண்கள். பெண்பிள்ளைகளின் ரசனையைக் கூச்சல் என்று ஒதுக்குகிற பழக்கம் இன்றும் போகவில்லை. அதை ஒதுக்காததுதான் ஸ்டேவர்ஸின் பலம். அவர் காலத்தில் ‘16’ பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். ‘டேட்புக்’ என்பது பதின்வயதுப் பெண்களுக்கான இதழ். லண்டன் நாளிதழில் 1966 மார்ச்சில் வந்த ஜான் லெனனின் பேட்டியை அது அந்த வருஷக் கோடையில் மறுபிரசுரம் செய்தது. கிறிஸ்தவ மதம் பற்றி லெனன் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பீட்டில்ஸ் இசைத்தட்டுகளைக் கொளுத்தினார்கள். அதே இதழின் அட்டையில் பால் மெக்கார்ட்னி அமெரிக்க நிறவெறியைக் கண்டித்துச் சொன்னதும் இருந்தது. மதமும் நிறவெறியும் பெண்பிள்ளைகளுக்கு எதற்கு என்று அந்த ஆசிரியர் குழு நினைக்கவில்லை. இந்தத் துணிச்சலைத்தான் நம் இதழ் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1988-ல் வந்த ‘சாஸி’ தோழி பேசுவது போன்ற நடையைக் கொண்டுவந்தது; மத அமைப்புகளின் எதிர்ப்பால் விளம்பரதாரர்கள் விலகி அடிபட்டது. அந்த வழியில் 2011 செப்டம்பரில் ‘ரூக்கி’யைத் தொடங்கிய டாவி கெவின்சனுக்கு அப்போது வயது 15. இணைய இதழான அதன் நேர அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நாளுக்கு மூன்று பதிவுகள்: பள்ளிவிட்டு வந்ததும் ஒன்று, இரவுச் சாப்பாட்டு வேளையில் ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று. ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தவள் போட்ட திட்டம் அது. ஆண்டுத் தொகுப்பை அச்சில் கொண்டுவந்தபோது உள்ளே காகிதக் கிரீடமும் இசைத்தட்டும் வைத்தார்கள். 2018-ல் ‘ரூக்கி’ நின்றுவிட்டது. ஆனால் பெண்பிள்ளைகளே எழுதி, வரைந்து, தொகுத்த இதழை உலகம் படிக்கும் என்று ஏழு வருஷம் காட்டிவிட்டுப் போயிற்று.

நமக்கும் இந்த வழி புதிதில்லை. கொட்டகை வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம் என்ன? மலிவுக் காகிதத்தில் பாட்டு வரிகள், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் கதைச் சுருக்கம். அதைப் பார்த்துப் பாட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடிய பெண்கள் எத்தனை பேர்! 1978-ல் இங்கிலாந்தில் வந்த ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ பாட்டு வரிகளை அச்சிட்டே பிரபலமானது. நம் கொட்டகை வாசலில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. இன்னும் பின்னே போனால், 1925-ல் ‘ஜகன்மோகினி’யை எடுத்து நடத்தத் தொடங்கிய வை.மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிக்கூடம் போகாதவர், முதல் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழியை எழுத வைத்தவர், மேடையில் பாடியவர். பெண்கள் இதழ், இசை இரண்டையும் ஒரே பெண்மணி கையில் வைத்திருந்த மரபு நமக்கு நூறு வயது.

இரண்டு வயலின்

சரி, பக்கங்களில் என்ன வரும்? ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

டெக்சஸில் பள்ளி இசைக்குழு என்றால் அது ஒரு பெரிய உலகம். வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்து ஆட்டத்தில் மைதானத்தை நிறைக்கிற மார்ச்சிங் பேண்ட், உள்ளே ஆர்கெஸ்ட்ரா, வருஷா வருஷம் மாநிலத் தேர்வு. ஃப்ரிஸ்கோவிலோ பிளேனோவிலோ ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கும் நம் பெண், சனிக்கிழமை கர்நாடக வகுப்பிலும் அதே வயலினைத்தான் எடுக்கிறாள். பள்ளியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வயலினைப் பிடிக்க வேண்டும். பாட்டு வகுப்பில் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொள்ள வேண்டும். கணுக்கால் தாங்கிக்கொள்வதால் இடது கைக்கு வயலினைப் பிடிக்கும் பொறுப்பு இல்லை. தந்திமேல் வழுக்கிக்கொண்டே ஏறலாம், இறங்கலாம். கமகம் பிறப்பது அங்கேதான். அங்கே தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. இங்கே மந்தர ச, மந்தர ப, மத்திய ச, மத்திய ப. ஓயாமல் முறுக்கித் தளர்த்தினால் தந்தி அறுந்துபோகும் என்பதால் பலர் இரண்டு வயலின் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஆசிரியர் ஸ்வரத்தை நேராக நிறுத்து என்கிறார், இன்னொருவர் அசை என்கிறார். பதின்மூன்று வயதில் இது சின்னக் குழப்பமில்லை. நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில், “ரெண்டையும் ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணு” என்பதோடு முடிந்துவிடுகிறது.

நடுப்பக்கத்தை இதற்குக் கொடுக்கலாம். இடது பக்கம் ஒரு கை, வலது பக்கம் ஒரு கை. முகமே இல்லாத இரண்டு பெரிய கோட்டோவியங்கள். நடுவில் ஒரு கதை. 1800-ஐ ஒட்டிய காலத்தில் முத்துசுவாமி தீட்சிதரும் தம்பி பாலுசுவாமியும் ஆங்கிலேயரின் பேண்ட் வாத்திய இசையைக் கேட்டார்கள். தம்பி வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் பாடுகிறோம். அவை சங்கராபரணத்தில் அமைந்தவை. பள்ளியில் அவள் வாசிக்கும் மேஜர் ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களும் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் ஒன்றுதான். இரண்டு உலகத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கிற பெண்ணுக்கு, தீட்சிதர் வீட்டிலேயே இது நடந்தது என்று தெரிந்தால் வயலினை எடுக்கிற கையில் ஒரு தெம்பு வரும்.

அட்டையிலும் முகம் வேண்டாம் என்பேன், குறைந்தது முதல் வருஷமாவது. பதினாறு வயதுப் பெண்களின் படத்தை அட்டையில் போட ஆரம்பித்தால் யார் வீட்டுப் பெண் என்ற போட்டி வந்துவிடும். சிவப்பு, மாநிறம் என்ற பேச்சும் கூடவே வரும். 2021-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உயர்நிலைப் பள்ளிகளில் எடுத்த கணக்கெடுப்பில், 57 சதவீத மாணவிகள் தொடர்ந்த சோகமும் நம்பிக்கையின்மையும் இருந்ததாகச் சொன்னார்கள். பத்தாண்டுக்கு முன் அது 36 சதவீதம். நாள் முழுவதும் கைப்பேசியில் தன் முகத்தையும் பிறர் முகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவளுக்கு, அச்சிலும் ஒரு கண்ணாடி தேவையில்லை. அட்டையில் கை வரட்டும், மிருதங்கத்தின் கரணை வரட்டும், அடித்துத் திருத்திய பாட்டு நோட்டின் பக்கம் வரட்டும்.

அந்தப் பாட்டு நோட்டில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நம் பெண்களில் பலர் சாகித்தியத்தை ஆங்கில எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறார்கள். அ, ஆ இரண்டுக்கும் ஒரே எழுத்து. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். நெடிலைக் குறிலாக்கிப் பாடினால் தாளத்தில் சொல் விழும் இடமே மாறிப்போகும். 1998-ல் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் போன்ற வாரயிறுதிப் பள்ளிகளில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பத்தி பத்தியாகத் தமிழ் உரைநடையைக் கொடுத்தால் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். பாட்டைக் கொடுத்தால் படிப்பார்கள், ஏனென்றால் அது ஏற்கெனவே காதில் இருக்கிறது. ஆகவே கட்டுரைகள் அவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாட்டு மட்டும் தமிழ் எழுத்தில், பெரிய அளவில், வரிக்கு வரி தாராள இடைவெளி விட்டு, மேலே ஸ்வரம், கீழே பொருள் என்று அமையட்டும்.

சினிமாப் பாட்டும் பாப்பும் வேண்டும். தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான லாரா ராஜகோபாலன் ‘கேட்ஸ்ஐ’ குழுவில் நெற்றிப்பொட்டோடு மேடையேறுவதைப் பார்த்து வளரும் தலைமுறை இது. அனிருத்தையும் டெய்லர் ஸ்விஃப்டையும் ஒதுக்கிவிட்டுக் கர்நாடக இசை மட்டும் என்றால், அதை அம்மாக்கள்தான் படிப்பார்கள்.

சங்கடமான பக்கங்களும் வர வேண்டும். டி.கே. பட்டம்மாள் 1929-ல் பத்து வயதில் சென்னை வானொலியில் பாடினார். பின்னாளில், ஆண்கள் மட்டுமே பாடுவது என்றிருந்த ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிக்காட்டினார். கடத்தைக் கையில் எடுத்த சுகன்யா ராம்கோபால், பெண்ணுக்கு எதற்கு இது என்ற கேள்வியைத் தாண்டி வந்தவர். ஆனாலும் இங்கே நம் பிள்ளைகளின் கச்சேரிகளில் பெண் பாடுவதும் பையன் மிருதங்கம் வாசிப்பதும்தான் இன்னும் வழக்கமாக இருக்கிறது. மிருதங்கம் கேட்ட பெண்ணைப் பாட்டுக்குத் திருப்பிவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 2018-ல் பாலியல் புகார்களுக்குப் பிறகு சென்னை மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை டிசம்பர் விழாவிலிருந்து நீக்கியது. ஆசிரியரோடு ஜூம் வகுப்பில் தனியாக உட்காரும் பெண்ணுக்கு இந்தச் செய்தி தெரிய வேண்டும். எது தவறு, யாரிடம் சொல்லலாம் என்பது நேரான சொற்களில் அச்சில் இருக்க வேண்டும். குருபக்தியைக் காரணம் காட்டி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால், மீதிப் பக்கங்களைப் போட்டும் பிரயோஜனமில்லை.

பெரியவர்களுக்கு இந்த இதழில் வேலை உண்டு. அச்சகத்துக்குப் பணம் கட்டுவது, உண்மை சரிபார்ப்பது, எழுதும் பெண்ணின் பள்ளியோ வீடோ வெளியே தெரியாமல் காப்பது. எதை எழுதுவது என்பதைப் பதினைந்து வயதுக்காரிகளின் குழு முடிவுசெய்யட்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஓர் அரங்கேற்றத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவழிக்கிறோம். வழவழத் தாளில் அடித்து வாசலில் கொடுக்கும் நிகழ்ச்சிக் கையேடு அதில் ஒரு பங்கு. தமிழ்ச் சங்கங்களின் பேரவை விழாவுக்கும் ஊர்ச் சங்க விழாக்களுக்கும் வருஷந்தோறும் மலர் அச்சிடுகிறோம். அதில் பாதி வாழ்த்துச் செய்திகளும் மனை விற்பனை விளம்பரங்களும். அடுத்த மலரில் பதினாறு பக்கங்களை எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ பிளேனோவிலோ உள்ள ஆறேழு பெண்களிடம் கொடுக்கச் சொல்கிறேன். அந்தப் பதினாறு பக்கத்தில் வாழ்த்துரையும் வேண்டாம், பெற்றோர் படமும் வேண்டாம்.