டி.என்.ஏ.வும் ஒரு மார்க் கேள்வியும்

"டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பயாலஜி எடுத்தவர், எடுக்காதவர், குவிஸ் போட்டிக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே மூச்சில் சொல்வது: "வாட்சன், கிரிக், 1953." ஒரு மார்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் அந்தப் பதில் தப்பு. கொஞ்சநஞ்சம் இல்லை, 84 வருஷம் தப்பு!

1869-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், பழைய கோட்டை ஒன்றின் சமையலறையாக இருந்த ஆய்வுக்கூடத்தில் டி.என்.ஏ.வை முதலில் பிரித்தெடுத்தவர் ஃபிரெடெரிக் மீஷர் என்கிற சுவிஸ் இளைஞர். எதிலிருந்து? ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டிக் கழற்றிப் போட்ட துணிகளில் இருந்த சீழிலிருந்து. அந்தச் சீழின் வெள்ளை அணுக்களில், உட்கருவுக்குள், புரதமாக இல்லாத, பாஸ்பரஸ் அதிகம் உள்ள ஒரு பொருள் இருந்தது. அதற்கு 'நியூக்ளின்' என்று பெயர் வைத்தார். அவருடைய ஆசிரியர் ஹோப்பே-சைலர் அதை உடனே நம்பவில்லை. தானே திரும்பச் செய்து பார்த்த பிறகுதான், 1871-ல், அச்சுக்கு விட்டார்.

ஆக, ஒரு பொருளைக் கண்டெடுப்பது ஒரு வேலை. அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று நிரூபிப்பது இன்னொரு வேலை. அதன் வடிவம் என்ன என்று சொல்வது மூன்றாவது வேலை. வாட்சனும் கிரிக்கும் செய்தது மூன்றாவதை. அது பெரிய சாதனை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வேலைக்குமான கூலி அவர்கள் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டிருக்கிறதே, அதுதான் அநியாயம். இதில் அதிகம் அடிபட்டது நடுவில் உள்ள வேலை. அதைச் செய்தவர் பெயர் ஆஸ்வால்ட் ஏவரி.

கதை 1928-ல் லண்டனில் தொடங்குகிறது. ஃபிரெடெரிக் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவை வைத்து எலிகளில் சோதனை செய்துகொண்டிருந்தார். மேலே உறை உள்ள ரகம் எலியைக் கொல்லும், உறை இல்லாத ரகம் கொல்லாது. உறை உள்ளதைச் சூடாக்கிக் கொன்றுவிட்டுச் செலுத்தினால் எலிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செத்த கொலைகார ரகத்தையும் உயிருள்ள சாது ரகத்தையும் சேர்த்துச் செலுத்தினால் எலி செத்தது! செத்த எலியின் ரத்தத்தில் உறையோடு கூடிய பாக்டீரியா உயிரோடு இருந்தது. செத்ததிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளதற்குள் போய் அதன் குணத்தையே மாற்றியிருக்கிறது. பிறகு அதன் சந்ததிக்கும் அதே குணம். அந்த 'ஏதோ ஒன்று' எது?

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த ஏவரி முதலில் கிரிஃபித் சொன்னதைச் சந்தேகித்தார். பிறகு அதையே பிடித்துக்கொண்டார். காலின் மெக்லவுட், மக்லின் மெக்கார்ட்டி இருவரோடும் சேர்ந்து செய்த வேலை சாதாரணமானது இல்லை. 75 லிட்டர் பாக்டீரியா வளர்த்தால் கடைசியில் கையில் மிஞ்சுவது 10 முதல் 25 மில்லிகிராம்தான். அதையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதியைப் போட்டார்கள், குணம் மாற்றும் சக்தி போகவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைப் போட்டார்கள், அப்போதும் போகவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைப் போட்டதும் சக்தி அடியோடு காணாமல் போனது. 60 கோடியில் ஒரு பங்காகக் கரைத்த பிறகும் அந்தப் பொருள் வேலை செய்தது. 1944 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது. பரம்பரைக் குணத்தைச் சுமப்பது டி.என்.ஏ. என்பதற்கு உலகின் முதல் ஆதாரம் அதுதான்.

உலகம் என்ன செய்தது? "இருக்கலாம், ஆனால் கொஞ்சம் புரதம் ஒட்டிக்கொண்டிருக்குமே" என்றது. அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த ஆல்ஃபிரெட் மிர்ஸ்கியே முக்கியமான எதிர்ப்பாளர். டி.என்.ஏ. என்பது நாலே எழுத்து ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும் மந்தமான சரக்கு, இருபது வகை அமினோ அமிலம் உள்ள புரதம்தான் மரபணுவாக இருக்க முடியும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. 1946-ல் மெக்கார்ட்டியும் ஏவரியும் தூய்மையாக்கிய நொதியைக் கொண்டு மறுபடி நிரூபித்தார்கள். அப்போதும் நோபல் குழு அசையவில்லை. டி.என்.ஏ. வேதியியலில் பெரிய ஆளான ஸ்வீடனின் ஐனார் ஹாமர்ஸ்டன் ஏற்காததால் பரிசு தள்ளிக்கொண்டே போனது. 1955-ல் ஏவரி இறந்தார். கட்டுரை வந்து பதினோரு வருஷம்! மெக்லவுடுக்கும் மெக்கார்ட்டிக்கும்கூடக் கடைசிவரை நோபல் இல்லை.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். 1952-ல் ஆல்ஃபிரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் வைரஸை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். புரதத்துக்குக் கதிரியக்கக் கந்தகம், டி.என்.ஏ.வுக்குக் கதிரியக்க பாஸ்பரஸ். பாக்டீரியாவில் வைரஸ் ஒட்டியதும் மிக்ஸியில் போட்டு அடித்துப் பிரித்தார்கள். பாஸ்பரஸ் பெரும்பாலும் பாக்டீரியாவோடு தங்கியது. கந்தகம் பெரும்பாலும் வெளியே வந்தது, ஆனால் சுமார் 20 சதவீதம் வரவில்லை. துளிப் புரதம் ஒட்டியிருக்கலாம் என்று ஏவரியைத் தள்ளியவர்கள், ஐந்தில் ஒரு பங்கு ஒட்டியிருந்த சோதனையைக் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்! 1969-ல் ஹெர்ஷிக்கு, அவருடைய வைரஸ் ஆராய்ச்சி முழுவதற்குமாக, நோபலில் ஒரு பங்கும் கிடைத்தது. மார்த்தா சேஸுக்கு இல்லை.

"வடிவம் தெரிந்த பிறகுதானே எல்லாம் விளங்கியது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு இழை, A-க்கு எதிரே T, G-க்கு எதிரே C, இழைகள் பிரிந்தால் ஒவ்வொன்றும் தன் ஜோடியை உருவாக்கிக்கொள்ளும். உயிர் தன்னைத்தானே நகலெடுப்பது எப்படி என்ற கேள்விக்கு ஒரே பார்வையில் பதில் சொல்லும் வடிவம் அது. ஆனால் A-யும் T-யும் சம அளவு, G-யும் C-யும் சம அளவு என்று அளந்து சொன்னவர் எர்வின் சார்காஃப். அவர் டி.என்.ஏ. பக்கம் திரும்பியதே ஏவரியின் கட்டுரையைப் படித்துத்தான். 1953 ஏப்ரல் 25-ல் வந்த வாட்சன்-கிரிக் கட்டுரை சார்காஃபைக் குறிப்பிடுகிறது, ஏவரியைக் குறிப்பிடவில்லை. நகலெடுக்கும் விதமும் அப்போது ஊகம்தான். கனமான நைட்ரஜனில் பாக்டீரியாவை வளர்த்து, பிறகு சாதா நைட்ரஜனுக்கு மாற்றி, முதல் தலைமுறை டி.என்.ஏ. பாதி பழசு பாதி புதுசு என்று 1958-ல் காட்டியவர்கள் மெசல்சனும் ஸ்டாலும். அவர்களுக்கும் அதற்காக நோபல் கிடையாது. ஒரு மார்க் பதிலிலும் இடம் கிடையாது.

ராசலிண்ட் ஃபிராங்க்ளினுக்கு நடந்ததைப் பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். அவருடைய ஆய்வில் எடுத்த எக்ஸ்-ரே படத்தை அவருக்குத் தெரியாமல் வாட்சனிடம் காட்டியது அநீதிதான். ஆனால் அந்தச் சண்டையும் 1953-க்குள்ளேயே சுற்றுகிறது. இரண்டு பேர் படத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு படம் மாட்டினால் கணக்கு நேராகிவிடும் என்ற நினைப்பு. 1962-ல் பரிசு கொடுத்தபோது ஃபிராங்க்ளின் உயிரோடு இல்லை என்று சமாதானம் சொல்பவர்கள், பதினோரு வருஷம் உயிரோடு இருந்த ஏவரிக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

செத்துப்போன விஞ்ஞானிக்கு இப்போது பரிசு வாங்கித் தர முடியாது. அது போகட்டும். இந்த ஒரு மார்க் பதிலால் இன்று நஷ்டம் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான். இரண்டு புத்திசாலிகள் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தார்கள், உலகம் விளங்கிவிட்டது என்று அந்தப் பதில் சொல்லிக்கொடுக்கிறது. சீழ்த்துணியும், 75 லிட்டர் பாக்டீரியாவும், "அது இல்லை, இது இல்லை" என்று ஒவ்வொன்றாகக் கழித்த பொறுமையும் அதில் காணாமல் போகின்றன. மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்று மனப்பாடமாகச் சொல்லும் மாணவனிடம் "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் முழிக்கிறான். அவன் மேல் தப்பில்லை. அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதே இல்லை.

கேள்வியை மாற்றினால் போதும். "கண்டுபிடித்தவர் யார்?" வேண்டாம். "மரபுப் பொருள் புரதம் இல்லை, டி.என்.ஏ.தான் என்று எப்படி நிரூபித்தார்கள்?" என்று கேட்கட்டும். ஐந்து மார்க் கொடுக்கட்டும். அந்தப் பதிலை ஏவரி பெயர் இல்லாமல் எழுதவே முடியாது.