இசை எல்லாருக்கும் உரியது

1816ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுனில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. இன, மத வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் அங்குப் பயிலலாம் என்பதையே அதன் பெயரிலுள்ள ‘பிரீ’ என்னும் சொல் குறித்தது. கல்வியில் புகழ்பெற்ற அப்பள்ளியில் பயின்றவர்களுள் ஒருவர், 1929இல் பினாங்கில் பிறந்த பி.ரம்லி. பாடகராகவும் இசையமைப்பாளராகவும் நடிகராகவும் இயக்குநராகவும் அவர் விளங்கினார். மாணவரின் ஆற்றலைத் தேர்வுப் புள்ளிகளால் மட்டுமே அளக்க முடியாது என்பதற்கு அவரே சான்று.

ஆயினும், எஸ்.பி.எம். தேர்வு நெருங்கியதும் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைப் பள்ளி இசைக்குழுவிலிருந்து நிறுத்திவிடுகின்றனர். படிக்கும் நேரம் குறையும் என்னும் அவர்களது கவலை புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், இசைக்குழுவில் வாசிக்கும் மாணவர் பிறர் வாசிப்பதைச் செவிமடுக்கிறார். தம் முறை வரும்வரை காத்திருக்கிறார். பிழை நீங்கும்வரை ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் பயில்கிறார். இப்பழக்கங்கள் படிப்புக்கும் துணைநிற்பவை அல்லவா?

வயலின் வாங்கவும் தனியார் வகுப்புக்குக் கட்டணம் செலுத்தவும் எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. வசதியற்ற மாணவருக்குப் பள்ளியே இசை கற்கும் இடம். ஆகவே, பள்ளிகள் இசைக்கருவிகளை மாணவர்களுக்கு இரவல் தந்து, புறப்பாட வேளையில் பயிற்சியளிக்க வேண்டும். பள்ளியின் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தால் மட்டும் போதாது. அதன் இசையறையும் திறந்திருக்க வேண்டும்.